ரயில் போன தடத்தில் சைக்கிள்: ஐஃபல் காட்டிலிருந்து மோசல் கோட்டைகள் வரை

ஜெர்மனியில் சைக்கிள் பாதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் சுற்றுலா விளம்பரத்தில் "வண்டி வராத பாதை" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிப் போனால் சில இடங்களில் ஏமாற்றம்தான். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புக் கம்பி தள்ளி ஓடும் பாதையையும் அப்படித்தான் சொல்வார்கள். தோட்டக்காரரின் டிராக்டர் போகும் சிமென்ட் சாலையும் அதே கணக்கில்தான் வரும். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நிம்மதியாகப் போக வேண்டும் என்றால் நான் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான்: அந்தத் தடத்தில் முன்பு ரயில் ஓடியதா?

ரயில் இன்ஜினுக்கு ஏற்றம் ஆகாது. 100 மீட்டர் தூரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்தாலே சாதாரண ரயிலுக்கு அது பெரிய ஏற்றம். அதனால்தான் தண்டவாளம் போட்டவர்கள் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தின் மேல் பாலம் கட்டினார்கள், மேட்டை வெட்டி வழி செய்தார்கள். பிறகு ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு இன்ஜினுக்காகக் கொட்டிய காசு, இன்றைக்கு முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயன்படுகிறது.

அப்படிப்பட்ட ஒரு தடத்தில் ஆரம்பித்து, மோசல் ஆற்றங்கரை வழியாகக் கோட்டை கோட்டையாகப் பார்த்துக்கொண்டு போன பயணத்தைத்தான் இங்கே சொல்கிறேன். ஊரிலிருந்து மாமனாரும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமனார் அறுபதைத் தாண்டியவர். வேலைக்குப் போன காலமெல்லாம் சைக்கிளில் போனவர்தான், ஆனால் விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. "மாப்பிள்ளை, பின்னாடி லாரி ஹாரன் அடிக்காத ரோடுன்னா சொல்லுங்க, நான் ரெடி" என்றார். அத்தைக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. மகளுக்கு ஒன்பது வயது. மனைவிக்கு மேட்டில் மிதிப்பது என்றாலே பிடிக்காது. இப்படி ஒரு குழுவை வைத்துக்கொண்டு யோசித்தால் வரைபடத்தில் நிறைய பாதைகள் தாமாகவே கழிந்துவிடும்.

மிஞ்சியது மாரெ-மோசல் பாதை. ஐஃபல் மலைப்பகுதியில் இருக்கும் டாவுன் என்ற சிற்றூரில் தொடங்கி, மோசல் ஆற்றங்கரையில் பெர்ன்காஸ்டல்-கூஸ் ஊரில் முடிகிறது. 58 கிலோமீட்டர். டாவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், மோசல் கரை சுமார் 110. ஆகவே எந்தத் திசையில் போக வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கீழிருந்து மேலே மிதித்துக்கொண்டு வருகிறவர்களை வழியெல்லாம் பார்த்தோம். அவர்களுக்கு என்ன வேண்டுதலோ!

கீழிருந்து டாவுனுக்கு ஏறிப்போக ஒரு பஸ் இருக்கிறது. ரெகியோராட்லர் என்று பெயர். பின்னால் சைக்கிள்களை அடுக்கும் டிரெய்லரோடு வரும். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் சைக்கிள் ஏற்றும். பெர்ன்காஸ்டலிலேயே அறை எடுத்து, சைக்கிளும் அங்கேயே வாடகைக்கு எடுத்து, காலை பஸ்ஸில் மேலே போய், சாயங்காலம் அதே அறைக்கு உருண்டு வந்து சேர்வதுதான் வசதி. பைகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பஸ்ஸில் சைக்கிளுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். நல்ல வெயில் அடிக்கும் சனி, ஞாயிறுகளில் டிரெய்லர் நிரம்பிவிடும், முன்பதிவு இல்லாதவர்கள் நிறுத்தத்திலேயே நின்று கையசைக்க வேண்டியதுதான். எங்கள் கண் முன்னால் ஒரு குடும்பம் அப்படி நின்றது.

மாமனாருக்கு மட்டும் ஈ-பைக் எடுத்தோம். வாடகைக் கடையில் கொடுக்கும் வண்டியை அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை பெடல் மேல் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அந்த உயரம்தான் சரி. மாமனார் "கால் ரெண்டும் தரையில படணும்" என்று சீட்டை அடியோடு இறக்கச் சொன்னார். நம் ஊர்ப் பழக்கம் அது. சீட் அவ்வளவு தாழ்வாக இருந்தால் பத்து கிலோமீட்டருக்குள் முட்டி பேச ஆரம்பித்துவிடும். கடைக்காரர் பொறுமையாக அவரை வாசலில் இரண்டு சுற்று ஓட்டவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். அப்புறம் இன்னொன்று: ஈ-பைக்கில் நான்கைந்து நிலைகள் இருக்கும். மிகக் குறைந்த நிலையில் வைத்தால் நாள் முழுக்க வரும், மிக வேகமான நிலையில் வைத்தால் மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். பேட்டரி தீர்ந்த ஈ-பைக்கை மிதிப்பது தண்டனை. இருபத்தைந்து கிலோ இரும்பு.

டாவுனை விட்டதும் லீசர் என்ற சிறு ஆற்றின் பள்ளத்தாக்கு மேல் ஓர் உயரமான பழைய ரயில் பாலம். அதைத் தாண்டியதும் மெல்லிய ஏற்றம் ஒன்று உண்டு. முதல் சில கிலோமீட்டரில் மட்டும்தான். அங்கே யாராவது "இறக்கம்னு சொன்னீங்களே" என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள். அதன் பிறகு வருவதுதான் பெரிய சுரங்கம், 560 மீட்டர் நீளம். உள்ளே விளக்கு எரிகிறது, ஆனாலும் சைக்கிள் விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும், எதிரே வருகிறவருக்கு நாம் தெரிய வேண்டுமே. வெளியே வெயில் எப்படி அடித்தாலும் உள்ளே குளிர் எலும்பைத் தொடும். வியர்த்த சட்டையோடு நுழையும் முன் ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்வது நல்லது. மகள் நடுவில் நின்று கத்திப் பார்த்தாள். எதிரொலி முடிவதற்குள் எதிர்ப்பக்கமிருந்து யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். அவளுக்கு அன்றைய பயணத்தில் பிடித்த இடம் அதுதான், கோட்டை எல்லாம் அப்புறம்தான்.

சுரங்கத்துக்கு வெளியே ஷால்கன்மேரன் ஊரும் அதன் வட்டமான ஏரியும். இந்தப் பகுதி முழுக்க இப்படி வட்ட ஏரிகள், மார் என்கிறார்கள். பூமிக்கு அடியிலிருந்து எழுந்து வந்த எரிகுழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீராவியாக வெடித்து, தரையில் கிண்ணம் போலக் குழி விழுந்து, பின்னர் அதில் நீர் தேங்கியது. கூம்பு மலையைத் தேடினால் கிடைக்காது, எரிமலை இங்கே பள்ளமாகக் கிடக்கிறது. ஐஃபலில் மிக இளைய ஏரி உல்மனில் இருப்பது, அதற்கே சுமார் 11,000 வயது. ஷால்கன்மேரனுக்கு அருகே கரைமேட்டைத் தாண்டி இன்னொரு ஏரி இருக்கிறது, அதன் கரையில் ஒரு சிறு தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் மட்டும். கொள்ளைநோய் வந்து அங்கிருந்த ஊரே இல்லாமல் போயிற்றாம். ஏரிக்கே இறந்தவர்களின் ஏரி என்று பெயர் நிலைத்துவிட்டது. சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து ஏறிப் பாருங்கள். ரயில் தடத்திலிருந்து விலகினால் அந்த நிமிடமே ஏற்றம் ஆரம்பமாகிவிடும், சைக்கிளோடு போகத் தேவையில்லை.

கில்லன்ஃபெல்ட் தாண்டியதும் நீண்ட காடு. பீச் மரங்கள், ஓக், நடுநடுவே ஊசியிலை மரங்கள். பாதை சரிவாகப் போகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது, கால் மிதிக்காமலே வண்டி போவதை வைத்துத்தான் தெரியும். பழைய ரயில் நிலையங்கள் சில இன்னும் நிற்கின்றன. சாலை குறுக்கிடும் இடங்களில் தடுப்புக் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். வேகத்தில் வந்து அதில் இடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: கட்டையைப் பார்த்தால் நில். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மகளை முன்னால் விட்டு நான் பின்னால் வந்தேன். பின்னால் இருந்தால்தான் பிள்ளை என்ன செய்கிறது என்று தெரியும்.

விட்லிஷ் ஊரை நெருங்கும்போது இன்னும் சில சிறிய சுரங்கங்கள், இன்னொரு பாலம். ஊருக்குள் வந்ததும் காடு முடிந்துவிடும். அங்கிருந்து மோசல் வரை வயல்வெளியும் கிராமங்களுமாகச் சாதாரணமான பாதை. களைத்துப்போனவர்கள் விட்லிஷிலேயே அதே பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மனைவி பிடித்தாள். நாங்கள் மூன்று பேரும் லீசர் ஊர் வழியாக, ஆற்றங்கரையில் திடீரென்று நிற்கும் அந்த ஊர் மாளிகையைப் பார்த்துக்கொண்டு பெர்ன்காஸ்டல் போய்ச் சேர்ந்தோம். அறையில் அத்தை தூக்குச் சட்டியில் புளியோதரையோடு காத்திருந்தார்.

தங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்குக் கிடைத்த ஒரு விடுதியில் "சைக்கிள் நிறுத்த வசதி உண்டு" என்று போட்டிருந்ததை நம்பிப் போனோம். வசதி என்பது நிலவறை, குறுகலான படிக்கட்டு. அந்த ஈ-பைக்கை இரண்டு பேர் பிடித்து இறக்கி, காலையில் மறுபடியும் ஏற்றி... மாமனார் "இதுக்கு நாம ஏறியே வந்திருக்கலாம் மாப்பிள்ளை" என்றார். அன்றிலிருந்து போனிலேயே கேட்டுவிடுகிறேன்: தரைத்தளத்தில் பூட்டிய கொட்டகை உண்டா, சார்ஜ் போடப் பிளக் உண்டா, ஒரே ஒரு இரவுக்கு அறை கொடுப்பீர்களா? ஜெர்மன் சைக்கிள் சங்கமான ஏடிஎஃப்சியின் 'பெட் பிளஸ் பைக்' பலகை மாட்டிய விடுதி என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஓர் இரவு மட்டும் தங்குகிறவர்களையும் ஏற்பது, சைக்கிளைப் பாதுகாப்பாக வைக்க இடம் தருவது எல்லாம் அந்தப் பலகைக்கான நிபந்தனைகள்.

பெர்ன்காஸ்டல் பக்கம் மரச்சட்ட வீடுகளும் கூட்டமும். பாலத்தைத் தாண்டி கூஸ் பக்கம் போனால் அமைதி. 1401-இல் அங்கே பிறந்த நிக்கோலாஸ் என்பவர் கர்தினால் ஆகி, தத்துவம், கணிதம் என்று எழுதி, பூமி அண்டத்தின் மையம் இல்லை என்று கோப்பர்னிக்கஸுக்கு முன்பே சொன்னவர். அவர் ஊருக்கு விட்டுப்போனது ஒரு முதியோர் இல்லம். ஏழை முதியவர்கள் 33 பேருக்காக ஏற்படுத்தினார், ஏசுவின் வயது அது. திராட்சைத் தோட்ட வருமானத்தில் நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது, இன்றும் முதியோர் இல்லமாகவே இருக்கிறது. அவர் உடல் ரோமில், இதயம் மட்டும் இந்த இல்லத்துத் தேவாலயத்தில். மாமனாருக்கு ஊருக்கு மேலே நிற்கும் லாண்ட்ஸ்ஹூட் கோட்டையைவிட இது பிடித்துப்போயிற்று. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இனி மோசல். இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும்: மோசல் சைக்கிள் பாதை முழுக்க முழுக்க அமைதியானது கிடையாது. பள்ளத்தாக்கு குறுகல். ஆறு, நெடுஞ்சாலை, சில இடங்களில் ரயில், எல்லாமே அதற்குள் நெருங்கிப் போக வேண்டும். பல கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை நெடுஞ்சாலைக்குத் தோளோடு தோள் உரசிப் போகிறது. தனிப் பாதைதான், ஆபத்து இல்லை, ஆனால் மோட்டார் சைக்கிள் கூட்டம் போகும் சத்தத்தில் பேச முடியாது. இதற்கு வழி உண்டு. பெரும்பாலான இடங்களில் இரண்டு கரையிலும் ஏதோ ஒரு பாதை இருக்கிறது. பெரிய சாலை எந்தக் கரையில் போகிறது என்று முந்தின நாள் இரவே வரைபடத்தில் பார்த்து, மறு கரையைப் பிடியுங்கள். பாலம் இல்லாத இடத்தில் சிறு படகுத்துறைகள் உண்டு. சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

கரையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, வெயில். மோசல் நேராக ஓடும் ஆறு இல்லை, வளைந்து வளைந்து திரும்பும். தெற்கு பார்த்த சரிவில் எல்லாம் திராட்சை, வடக்கு பார்த்த சரிவில் எல்லாம் காடு. ஆறு ஒரு வளைவு திரும்பினால் இரண்டும் கரை மாறிக்கொள்ளும். திராட்சைச் சரிவின் தரை முழுக்கக் கருநீலப் பலகைக்கல் சில்லுகள். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பித் தரும். ரீஸ்லிங் திராட்சை இவ்வளவு வடக்கே பழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொடிக்கு நல்லது, சைக்கிள்காரருக்குக் கொடுமை. ஜூலை மத்தியானம் அந்தச் சரிவின் அடியில் போனால் கல்லிலிருந்து அனல் முகத்தில் வீசும். காலையில் திராட்சைக் கரை, பகலில் காட்டுக் கரை என்று வைத்துக்கொண்டோம், சரியாக இருந்தது.

தோட்டத்துக்குள் போகும் பாதைகள் தோட்டக்காரர்களின் வேலைப் பாதைகள். நாம் விருந்தாளிகள். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை நடக்கும்போது டிராக்டர் வந்தால் இறங்கி ஒதுங்குங்கள். நசுங்கிய பழமும் ஈரமும் சேர்ந்தால் வழுக்கும். கோடையில் செங்குத்துச் சரிவுகளுக்கு ஹெலிகாப்டரில் மருந்து தெளிப்பார்கள், அப்போது பாதையைக் கொஞ்ச நேரம் மறிப்பார்கள். "நாங்க சீக்கிரம் போயிடுவோம்" என்று வாதாடாதீர்கள். நின்றால் கால் மணி நேரம், நனைந்தால் நாள் முழுக்க.

டிராபன்-டிரார்பாக் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. ஊருக்கு மேலே ஒரு பக்கம் கிரேவன்பூர்க் என்ற இடிந்த கோட்டை, மறு பக்கம் மோன்ட் ரோயால். இரண்டாவது, பிரெஞ்சு மன்னன் 14-ஆம் லூயிக்காக வோபான் என்ற கோட்டைப் பொறியாளர் 1687 முதல் கட்டிய பெரும் கோட்டை நகரம். பத்தே வருடத்தில், 1697 ரைஸ்விக் உடன்படிக்கையில், இடித்துவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கட்டியவர்களே இடித்தார்கள். இப்போது மேலே போனால் புல்லுக்கு நடுவில் சில சுவர்கள், நிலவறைகள். கீழே பாலத்து முகப்பில் 1899-இல் கட்டிய வாயில் கோபுரம் அப்படியே இருக்கிறது, ஒயின் வியாபாரத்தில் ஊர் கொழுத்திருந்த காலத்தில் புரூனோ மோரிங் என்ற பெர்லின் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது.

இந்த லூயி மன்னன் பெயர் மோசல் கரையில் திரும்பத் திரும்பக் காதில் விழும். பைல்ஷ்டைன் கோட்டை இடிந்தது 1689, கோகெம் கோட்டை இடிந்தது 1689, இரண்டும் அவன் படைதான். லாண்ட்ஸ்ஹூட் மட்டும் 1692-இல் தீப்பிடித்து எரிந்தது. மகள் ஒவ்வொரு கோட்டையிலும் "இதையும் லூயிதானே?" என்று கேட்க ஆரம்பித்தாள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் யோசனை: கோட்டைகளின் பெயரும் ஆண்டும் சொல்லி அறுக்காதீர்கள், யார் இடித்தது என்று ஒரு துப்பறியும் விளையாட்டாக விட்டுவிடுங்கள்.

கோட்டை எல்லாமே மேலே, பாதை எல்லாமே கீழே. சைக்கிளோடு கோட்டைக்கு ஏறலாம் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது. கீழேயே நல்ல பூட்டாகப் போட்டு நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அதற்கு ஏற்ற செருப்பு வேண்டும். சைக்கிளுக்கென்று விற்கும் கடினமான அடிப்பாகம் உள்ள ஷூ இங்கே உதவாது, சாதாரண ஷூவே போதும். ஒரு நாளைக்கு ஒரு கோட்டை, அவ்வளவுதான். இரண்டு வைத்தால் மாலையில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

சாப்பாடு. மாமனார் சைவம். மோசல் கிராமங்களில் சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ஃபிளாம்கூஹன் என்று அப்பளம் போல மெல்லிய ரொட்டி, மேலே வெங்காயமும் பன்றிக்கொழுப்புத் துண்டும் போட்டு வரும். "ஓனெ ஸ்பெக்" என்றால் கொழுப்பு இல்லாமல் தருவார்கள். இலையுதிர் காலத்தில் கிடைக்கும் வெங்காய கேக்கிலும் அந்தக் கொழுப்பு ஒளிந்திருக்கும். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்து ஆப்பிள் கூழோடு தருவது பாதுகாப்பான சாப்பாடு. மாமனார் அதற்கு எங்கள் மிளகாய்ப் பொடியைத் தொட்டுக்கொண்டார், பக்கத்து மேசைக்காரர் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி, அப்புறம் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

கிராமங்களில் சில வீட்டு வாசலில் துடைப்பமோ பச்சிலை வளையமோ தொங்கும். தோட்டக்காரர் தன் ஒயினைத் தன் வீட்டிலேயே ஊற்றிக் கொடுக்கும் இடம் அது. சட்டப்படி வருடத்தில் நான்கு மாதம்தான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் போடக்கூடாது. உணவகத்தைவிட விலை குறைவு, பேச்சுத்துணையும் கிடைக்கும். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறும் சோடாவும் கலந்து தருவார்கள், வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. குடிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: ஜெர்மனியில் சைக்கிளுக்கும் மது வரம்பு உண்டு. ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு வந்தாலே குற்றம். தடுமாறி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ 0.3-இலேயே மாட்டிக்கொள்ளலாம். ஆறும் பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமையே ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கி வைத்துவிட வேண்டும். இது ஜெர்மனியில் இருப்பவர்களுக்குத் தெரியும், விருந்தாளிகளுக்குத் தெரியாது.

ரயில் ஓடிய தடம் என்று ஆரம்பித்தேன். மோசலில் உதவியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ரயில். டிரியரிலிருந்து கோப்ளென்ஸ் போகும் பாதை, புல்லாய் ஊரிலிருந்து கீழே ஆற்றையும் நம்மையும் தொட்டுத் தொட்டு வருகிறது. புல்லாயில் 1878-இல் கட்டிய ஈரடுக்குப் பாலம் ஒன்று: மேலே ரயில், கீழே சாலை. மேலே சரக்கு ரயில் போகும்போது கீழே நாம் போனால் பல் ஆடும். அங்கே எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. அத்தையும் மனைவியும் எல்லாப் பைகளையும் எடுத்துக்கொண்டு ரயிலில் கோகெம் போனார்கள். எல்லர் என்ற ஊருக்கும் கோகெமுக்கும் நடுவில் ஆறு இருபது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து சுற்றுகிறது. ரயில் அந்தச் சுற்றை மதிப்பதில்லை, 4,205 மீட்டர் நீளமுள்ள கைசர் வில்ஹெல்ம் சுரங்கத்தில் நுழைந்து நேராக வெளியே வந்துவிடும். நாங்கள் பிரெம் ஊரைத் தாண்டும்போதே அத்தையிடமிருந்து போன்: "கோகெம் வந்தாச்சு, காபியும் குடிச்சாச்சு, நீங்க எங்க இருக்கீங்க?"

இதைத்தான் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சொல்வேன். எல்லோரும் எல்லாத் தூரத்தையும் மிதிக்க வேண்டும் என்று கட்டாயம் எதற்கு? அடுத்த ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால் பயம் போய்விடும். மழை வந்தால், டியூப் பஞ்சரானால், முட்டி வலித்தால், ரயில். இந்த மாநிலத்தில் வார நாட்களில் காலை 9 மணிக்கு மேலும் வார இறுதியில் நாள் முழுக்கவும் உள்ளூர் ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டாம். ஆனால் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஞாயிறு சாயங்காலம் இடம் இருக்காது.

பிரெம் ஊரை மட்டும் யாரும் ரயிலில் கடந்துவிடாதீர்கள். ஆறு கொண்டை ஊசி போலத் திரும்பும் இடத்தில் கால்மோன்ட் என்ற சரிவு. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று, சில இடங்களில் 65 பாகை வரை. ஒற்றைத் தண்டவாளத்தில் பல் சக்கரம் வைத்த சிறு வண்டி ஆளையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு மேலே ஊர்ந்து போகிறது. இயந்திரம் வைத்து அறுவடை செய்ய வழியில்லை, எல்லாம் கைதான். அங்கங்கே அடுக்குகள் புதர் மண்டிக் கிடக்கின்றன. மாமனார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். "கூலி கட்டுப்படியாகாது" என்றார். விவசாயக் குடும்பம், அவருக்கு அழகு அப்புறம்தான்.

பைல்ஷ்டைன் சிறிய ஊர், பகலில் பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்கும். காலையில் அல்லது ஐந்து மணிக்கு மேல் போனால் ஊர் ஊராக இருக்கும். வீட்டுச் சுவர்களில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று ஆண்டு போட்டுக் கோடு கிழித்திருப்பது மோசல் கிராமங்களின் வழக்கம். குளிர்கால வெள்ளத்தில் இந்தச் சைக்கிள் பாதைகள் தண்ணீருக்குள்தான் இருக்கும். அங்கிருந்து படகில் மறு கரைக்குப் போய், கோகெம்.

கோகெம் கோட்டை தூரத்திலிருந்து பார்க்கக் கதைப்புத்தகக் கோட்டை மாதிரியே இருக்கும். அதில் வியப்பில்லை. 1689-இல் இடிந்து கிடந்ததை 1868-இல் ரவெனெ என்ற பெர்லின் வணிகர் விலைக்கு வாங்கி, தன் காலத்து ரசனைப்படி கூம்பும் கோபுரமுமாக மறுபடி கட்டினார். என் அபிப்பிராயத்தில் வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே போகும் காசை எல்ட்ஸ் கோட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்ட்ஸ் கோட்டைக்கு மோசல்கெர்ன் ஊரில் ஆற்றை விட்டுத் திரும்ப வேண்டும். எல்ஸ்பாக் ஓடையை ஒட்டிப் போகும் சாலை ஒரு பழைய ஆலையில் முடியும். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நாற்பது நிமிடம் போல நடை. கல்லும் வேருமாக இருக்கும். பேரன் பேத்தி வயதுக்காரர்கள் ஓடுவார்கள், பெரியவர்களுக்கு ஒரு ஊன்றுகோல் இருந்தால் நல்லது. மாமனார் வழியில் கிடந்த கிளை ஒன்றை எடுத்துக்கொண்டார். மரங்கள் விலகும் ஓரிடத்தில் பாறை மேல் கோட்டை முழுசாகத் தெரியும், மூன்று பக்கமும் ஓடை.

இதை லூயியும் இடிக்கவில்லை. குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிரெஞ்சுப் படையில் உயர் அதிகாரியாக இருந்து, இடிக்க வேண்டிய பட்டியலிலிருந்து வீட்டைக் காப்பாற்றினாராம். அதற்கு முன் 1331-இல் தொடங்கி டிரியர் பேராயர் பால்டுவின் முற்றுகையிட்டபோதும் கோட்டை விழவில்லை, உடன்படிக்கையில்தான் முடிந்தது. எதிர்மேட்டில் அவர் கட்டிய முற்றுகைக் கோட்டைதான் இன்று இடிபாடு. 850 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தக் குடும்பம் மூன்று கிளையாகப் பிரிந்தபோது சண்டை போட்டு விற்கவில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு பக்கம் கட்டிக்கொண்டு பொதுச் செலவைப் பங்கு போட்டார்கள். இதைக் கேட்டதும் அத்தை "அண்ணன் தம்பிக்குள்ள கேஸ் இல்லாம இவ்வளவு வருஷமா?" என்று வழிகாட்டியிடமே கேட்கச் சொன்னார். (அத்தையும் மனைவியும் அன்று கோட்டைக்கு மேல் பக்கத்து வண்டி நிறுத்தம் வரை டாக்ஸியில் வந்துவிட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அந்த வழி இருக்கிறது, அங்கிருந்து கோட்டைக்குச் சிற்றுந்து ஓடுகிறது.) உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. பழைய 500 ஜெர்மன் மார்க் நோட்டில் இந்தக் கோட்டைதான் இருந்தது.

மோசல்கெர்னிலிருந்து கோப்ளென்ஸுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். பள்ளத்தாக்கு அங்கே சாலையோடும் ரயிலோடும் நெரிசலாகிவிடுகிறது. மோசல் ரைனில் கலக்கும் முனையில் நின்று படம் எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் மிதிக்கலாம். நாங்கள் ரயில் ஏறினோம்.

எப்போது போவது என்று கேட்பவர்களுக்கு: எல்ட்ஸ் கோட்டை ஏப்ரல் தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், டாவுனுக்கு ஏறும் பஸ்ஸில் சைக்கிள் ஏற்றுவதும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். மே கடைசியில் காடு பசேல் என்று இருக்கும், கூட்டம் குறைவு, ஆனால் கொடியில் பழம் இருக்காது. செப்டம்பர் பாதிக்கு மேல் பழமும் புது ஒயினும் கிடைக்கும், அறை கிடைக்காது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துக்கொண்டு, அறையையும் பஸ் டிரெய்லரையும் ஒரே நாளில் பதிவு செய்துவிடுங்கள்.